நாலு அட்டை

என் வயதுக்காரிகளே, கம்ப்யூட்டர் என்றதும் எழுந்து போய்விடாதீர்கள். இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். எழுத்து எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும். மகன் வாங்கித் தந்த போன் நான் பேசப் பேச எழுதிக்கொள்கிறது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பேசுகிறேன்.

என் மருமகள் பட்டுப்புடவைக் கரைக்கு டிசைன் போடுகிறவள். அவளுடைய கம்ப்யூட்டர் நடு அறையில் இருக்கிறது. பதினைந்து வருடத்துப் பழசு. வெயில் காலத்தில் அது என்னைவிட அதிகமாக மூச்சு வாங்கும். அந்த டிசைனைப் பார்த்துத் தறிக்கு அட்டையில் ஓட்டை போட்டுத் தரும் கடைக்காரர், இனிமேல் புது சாப்ட்வேரில் போட்டுக் கொண்டுவந்தால்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். புது சாப்ட்வேரோ இந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஏறாது. வேறு வாங்க மகனுக்கு மனம் வரவில்லை. அதனால் நேற்றுக் காலையில் ஐயம்பேட்டையிலிருந்து கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் ஸ்கூட்டரில் வந்தாள். முப்பது வயது இருக்கும். கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு அவள்தான் வருகிறாள். அந்த வேலையில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது.

மூடியைக் கழற்றி ஊதினாள். அறை முழுக்கத் தூசி.

"அக்கா, உள்ள ஒரு தலகாணிக்குப் பஞ்சு கீது. ராம் கொஞ்சம் கூட்டணும், ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்.எஸ்.டி போட்டுடலாம். உடம்பு பழசாவே இருக்கட்டும், ஞாபகத்தை மட்டும் புதுசா மாத்திடலாம்."

நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "பழைய ஞாபகம் இன்னா ஆவும்?" என்றேன்.

"அப்படியே எடுத்துப் புதுசுல வெச்சிடுவேன் ஆயா. ஒண்ணும் போவாது."

அம்மா என்று கூப்பிட்டிருக்கலாம். போகட்டும்.

அவள் திருகாணியைச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பழைய உடம்புக்குப் புது ஞாபகம் மாட்டுவதை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. அப்போது எனக்குப் பத்து வயது. மாட்டியது கம்ப்யூட்டருக்கு அல்ல, தறிக்கு.

எங்கள் அப்பாவின் தறி குழித்தறி. மண் குழிக்குள் காலை விட்டு அவர் உட்காருவார். பக்கத்தில் ஒரு வேப்பம்பலகை. அதுதான் என் இடம். கரையில் மயிலும் கொடியும் வரவேண்டுமானால் அதற்குரிய நூல்களை யாராவது கையால் தூக்கித் தரவேண்டும். எந்த நூல், எதற்குப் பின் எது என்று கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அடை என்போம். வரிசை தப்பாமல் நான் இழுப்பேன், அப்பா குறுக்கு நூல் சுற்றிய நாடாவை விடுவார். எனக்கு இடது கைப் பழக்கம். பலகையும் இடது பக்கம். எனக்காகவே போட்டதுபோல் இருந்தது. ஆறு வயதில் உட்கார்ந்தவள். பலகை என் உட்காரும் அளவுக்குக் குழிந்து வழவழத்திருந்தது. தெருப் பெண்கள் வாசலில் நின்று, "இந்தக் குட்டி கையில கண்ணு வெச்சிக்கினு பொறந்துது" என்பார்கள். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். கேட்காததுபோல் இருந்தால் இன்னொரு தடவை சொல்வார்கள் என்று தெரியும்.

அந்த வருடம் கோடையில் எங்கள் தெருவில் ஜக்கார்டு பெட்டி வர ஆரம்பித்தது. பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளி அப்பாவிடம் வந்து, "பெட்டி மாட்டு, கல்யாணப் புடவையா தர்றேன்" என்றார். பெட்டி மாட்டுகிறவர் பிள்ளையார்பாளையம் பக்கத்திலிருந்து வந்தார். தறியைச் சுற்றி வந்து காலால் ஒரு உதை விட்டார். தறி ஆடியது.

"இன்னாபா இது, கெழவன் மேல குதிரையை ஏத்தச் சொல்றே?"

"ஏறுமா, ஏறாதா?" என்றார் அப்பா.

"ஏறும். நாலு கால் புதுசு போடணும். கூரையைத் தூக்கணும். மத்தது எல்லாம் அப்படியே கெடக்கட்டும்."

ஓட்டில் இரண்டு வரிசை பிரித்தார்கள். அதுவரை இருட்டாக இருந்த தறி அறைக்குள் வெயில் விழுந்ததும், குழியின் ஓரத்தில் இருந்த பழைய எச்சில் கறையும் பல்லி முட்டையும் எல்லோர் கண்ணிலும் பட்டன. அம்மாவுக்கு வெட்கமாகிப் போய்விட்டது. பெட்டி மேலே ஏறியது. கறுப்பாக, எண்ணெய் நாற்றத்தோடு. கீழே ஒரு மிதி. மிதியை ஒருதடவை அழுத்தினால் ஒரு அட்டை புரளும். அட்டையில் எங்கே ஓட்டையோ அந்த நூல் தானாக எழும். நான் செய்கிற வேலைதான். கையே வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரி என் கன்னத்தைக் கிள்ளினாள். "இனிமே உனக்கு இன்னாடி வேலை? பெட்டி இழுத்துடும். நீ பலகையைத் தூக்கித் தலைக்கு வெச்சிக்கினு தூங்கு."

அப்பா சிரித்துக்கொண்டே, "அது பள்ளிக்கூடம் போவும். பெட்டி வந்தா அனுப்பறேன்னு தங்கச்சிக்கு வாக்குக் குடுத்துகிறேன்" என்றார்.

அந்தத் தங்கச்சி எங்கள் அத்தை. இருபத்து நாலு வயதில் தாலி இழந்து, ஒரு தகரப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஐந்தாவது வரை படித்தவள். நல்ல நாளில் அவள் அடுக்களையை விட்டு வெளியே வரக்கூடாது. தறியில் நீளவாட்டில் ஏற்றுகிற பாவு நூலில் கை வைக்கக்கூடாது. மற்ற நாளில் வீட்டு வேலை முழுக்க அவள்தான். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அப்பாவை அரித்ததும் அவள்தான். பழைய மஞ்சள் துணியில் எனக்குப் புத்தகப் பை தைத்துக்கொண்டிருந்தாள். தூக்குகிற காது இன்னும் வைக்கவில்லை. எனக்கு நல்லது செய்வதாக எல்லோரும் நினைத்தார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு என் பலகைதான் வேண்டும். அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

அட்டைகள் கட்டுக்கட்டாக வந்தன. பசை வாசனை அடிக்கிற கெட்டி அட்டை. ஓரத்தில் நீலப் பென்சிலால் நம்பர் போட்டிருந்தது. நம்பர் பார்த்து வரிசையாக அடுக்கி, கயிற்றால் சங்கிலிபோல் கோக்க வேண்டும். அப்பாவுக்கு நம்பர் படிக்க வராது. அதைப் பெட்டிக்காரரிடம் சொல்ல வெட்கம். அதனால் கதவைச் சாத்திவிட்டு அத்தையைக் கூப்பிட்டார்.

அம்மா முணுமுணுத்தாள். "கல்யாணப் பொடவைக்கு இவ கையா?"

"பாவையா தொடப்போறா? அட்டையைத்தானே? வெளிய யாருக்கும் தெரிய வேணாம்" என்றார் அப்பா.

மூன்று நாள் உட்கார்ந்து அத்தை கோத்தாள். நம்பரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கோப்பாள். அவள் முகத்தில் அப்படி ஒரு களையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நாலாம் நாள் மதியம். அப்பா ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தார். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாள். அட்டைச் சங்கிலி பெட்டியில் ஏற்றத் தயாராகத் தரையில் மடிந்து கிடந்தது. நான் ஒரு முனையைப் பிடித்து, ஓடு பிரித்த இடத்தில் விழுந்த வெளிச்சத்துக்கு நேரே தூக்கினேன்.

உங்களிடம் மறைப்பானேன், எனக்கு அதை வாசிக்க வந்தது. நம்பர் தெரியாது, ஆனால் ஓட்டை தெரிந்தது. நான்கு வருடம் என் விரல் எந்த நூலை எப்போது இழுத்ததோ, அந்த இடத்தில் அந்த ஓட்டை இருந்தது. இது மயிலின் கால். இது வயிறு. அகலமாக இருந்தது குறைந்து, மூன்றே ஓட்டையாக நாலு அட்டை வந்தது. கழுத்து. அதற்கு மேல் தலை, கொண்டை. பிறகு ஒன்றுமில்லாத வெறும் அட்டைகள், ஒரு மயிலுக்கும் அடுத்த மயிலுக்கும் நடுவில் விடுகிற இடம்.

கயிற்றை அவிழ்த்தேன். கழுத்து நாலையும் எடுத்து வெறும் இடத்தில் வைத்தேன். வெறும் நாலை எடுத்துக் கழுத்தில் வைத்தேன். திரும்ப முடிச்சுப் போட்டேன். குடம் நிரம்பி அத்தை வருவதற்குள் முடிந்துவிட்டது. எட்டு அட்டையை இவ்வளவு சீக்கிரம் யார் கோப்பார்கள் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பெட்டிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். முதலாளி வந்தார். தெருவே வந்தது. அத்தை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். கற்பூரம் காட்டி அப்பா குழிக்குள் இறங்கினார். மிதித்தார். பெட்டி டக் என்றது. அட்டை புரண்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

மயிலின் கால் வந்தது. வயிறு வந்தது. அப்புறம் சிவப்புப் பட்டு மட்டும் வந்தது. அதற்கு மேல் தலை தனியாக வந்தது.

அப்பா இன்னும் நாலு மிதி மிதித்தார். கொண்டைக்கு மேல் காற்றில் ஒரு துண்டுக் கழுத்து வந்து நின்றது.

முதலாளிதான் முதலில் வாய் திறந்தார். "இது இன்னாய்யா? கல்யாணப் பொண்ணு கட்டப் போற பொடவை. தலையை வெட்டி வெச்சிகிறே?"

"யார் அட்டை கோத்தது?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். அப்பாவின் கண் அடுக்களைக் கதவுக்குப் போய்த் திரும்பியது. அவளும் அந்தப் பக்கம் பார்த்து, "அதானே பார்த்தேன். தாலியறுத்தவ கையால கோத்தா மயிலுக்கும் கழுத்து அறுந்துதான் வரும்" என்றாள்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் எந்த நம்பரையும் பார்க்கத் தேவையில்லாமல் போயிற்று.

அத்தை வெளியே வந்துவிட்டாள். நல்ல காரியத்தில், அத்தனை பேர் நடுவில். "அண்ணா, நான் சரியாத்தான் கோத்தேன். நம்பரைப் பாருண்ணா, யாரோ மாத்திகிறாங்க" என்று சொல்லிக்கொண்டே சங்கிலியைப் பிடித்தாள். விரல் ஒரு முடிச்சில் நின்றது. என் முடிச்சு எப்போதும் எதிர்ப்பக்கமாகத்தான் விழும். அவள் தலையைத் தூக்கி என் இடது கையைப் பார்த்தாள். நான் அந்தக் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன்.

சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா குழியிலிருந்து எழுந்து அவள் கன்னத்தில் அறைந்தார். முதலாளி முன்னால் நம்பரைப் பார் என்று சொல்லிவிட்டாளே, அதற்கு. அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

முதலாளி பாவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் விடிந்ததும் அத்தையின் தகரப் பெட்டி வாசலில் இருந்தது. ஒரு பெட்டி வீட்டுக்குள் வந்தது, ஒரு பெட்டி வெளியே போனது. தாமலில் தூரத்து உறவு ஒன்று இருந்தது, அங்கே போகச் சொன்னார்கள். நான் நிலைப்படியில் நின்றேன். அவள் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, என் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"முடிச்சு நல்லாத்தான் போடறே. இறுக்கமா கீது."

அவ்வளவுதான். போய்விட்டாள்.

அவள் போய் ஒரு வாரத்தில் பெட்டி மாட்டுகிறவர் வந்தார். சங்கிலியை ஓட்டிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "நாலு அட்டை எடம் மாறிக்கீது. அவ்ளோதான்பா." ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரத்தில் சரிசெய்தார். "இதுக்கா அந்தப் பொண்ணை அனுப்பினே? போய்க் கூட்டிக்கினு வா."

அம்மாதான் பதில் சொன்னாள். "அபசகுனம்னு ஊரே பேசிடுச்சி. இப்ப போய் நம்பர் தப்புன்னா, உனக்கு நம்பர் தெரியாதான்னு கேப்பாங்க."

"போனவ போனவதான்" என்றார் அப்பா.

முதலாளி பாவைத் திருப்பித் தந்தார். மயிலுக்குக் கழுத்து வந்தது. என் பலகை? அது வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று. நன்றாகக் காய்ந்த வேம்பு, இரண்டு நாள் எரிந்தது. பள்ளிக்கூடம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுப்பவள் தாமலில் இருந்தாள். அடுத்த கட்டு அட்டை வந்தபோது யார் கோப்பது என்று அப்பா விழித்தார். நான் கோக்கிறேன் என்றேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பிடித்து, நம்பரைப் பார்க்காமலே கோத்து முடித்தேன். அன்றிலிருந்து தெரு முழுவதற்கும் நான்தான். கல்யாணமாகிப் போன வீட்டிலும் நான்தான். அட்டைக்காரி என்றால் நாலு தெருவுக்குத் தெரியும். அத்தை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்துதான் அந்தப் பெயரை வாங்கினேன். அதை நானாக யாரிடமும் சொன்னதில்லை.

ஐப்பசி மழையில் ஒரு தபால் கார்டு வந்தது. வீட்டில் படிக்க ஆள் இல்லை. தெருவில் யாரிடமாவது காட்டலாம் என்று அம்மா சொன்னாள். குடும்ப விஷயம் ஏதாவது இருந்து சந்தி சிரிக்கப் போகிறது என்று அப்பா அதை ஓட்டு இடுக்கில் செருகி வைத்தார். ஒருநாள் நான் ஏறி அதை எடுத்தேன். பழக்கத்தில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒரு ஓட்டைகூட இல்லை.

இருபது நாள் கழித்துப் பெட்டிக்காரர் எண்ணெய் போட வந்தபோது படித்துச் சொன்னார். "காய்ச்சல் விடவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. அண்ணா வந்து கூட்டிக்கொண்டு போகவும்." அவள் கையெழுத்துத்தான் என்றார்.

அப்பா மறுநாள் முதல் பஸ்ஸில் தாமல் போனார். மதியம் திரும்பி வந்தார், தலையில் தகரப் பெட்டியோடு. அதை இறக்கி வைத்துவிட்டு நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அம்மா பெட்டியைத் திறந்தாள். இரண்டு புடவை, ஒரு நீலப் பென்சில் துண்டு, அடியில் அந்த மஞ்சள் பை. இரண்டு காதும் வைத்துத் தைத்திருந்தது. அம்மா அதில் புளி போட்டு வைத்தாள்.

ஆயிற்று. நேற்றைக்கு வருகிறேன்.

கம்ப்யூட்டர் பெண் மதியத்துக்குள் வேலையை முடித்தாள். பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்காமல் கண் மூடித் திறப்பதற்குள் எழுந்தது. புது சாப்ட்வேரும் ஏறியது. மருமகள் பழைய டிசைன் ஒன்றைத் திறந்தாள். ஒரு கல்யாணப் புடவைக் கரை. சாயங்காலம் அட்டைக் கடைக்குப் போகவேண்டியது. திரையில் மயில் வந்தது. வயிறு ஓரிடம், தலை ஓரிடம், நடுவில் வெறும் சிவப்பு.

மகன் எட்டிப் பார்த்தான். "இன்னாமா பண்ணி வெச்சிகிறே?"

"நான் எதையும் தொடலைண்ணா. பழைய ஃபைலைப் புது சாப்ட்வேர் வேற மாதிரி படிக்குது. சில வரி எடம் மாறிப் போச்சு, எந்த வரின்னு தெரிஞ்சா போதும். ஒரு மணி நேரம் குடுங்க, கண்டுபிடிச்சிடறேன்."

"கல்யாணப் பொடவைமா இது! தலையை எடுத்துட்டு ஒரு மணி நேரம் கேக்கறே. எங்க சாங்கியம் உங்களுக்கு இன்னா தெரியும்? கிளம்பு நீ. எந்த வீட்டுலயும் இனி இவளைக் கூப்பிடாதீங்கன்னு தெரு குரூப்புல போட்டுடறேன்."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "அண்ணா, அப்படிப் பண்ணாதீங்கண்ணா. இந்தத் தெரு வேலையை நம்பித்தான் கீறேன்." அவன் போனை எடுத்துவிட்டான். அவள் என் பக்கம் திரும்பினாள். "ஆயா, காலைலேர்ந்து பின்னாடியேதான் உக்காந்துகிறீங்க. நீங்க சொல்லுங்க, நான் எதுனா கலைச்சேனா?"

திரையில் மயில் தோன்றியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கழுத்து நாலு வரி. கொண்டைக்கு மேலே போய்க் கிடந்தது. அத்தனை புள்ளிகளுக்கு நடுவில் அதை வாசிக்க எனக்கு மட்டும் வந்தது. ஒரு மணி நேரம் கொடுத்தால் அவளும் கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம் இந்தத் தெருவில் என்னிடம் கேட்க என்ன இருக்கும்?

"கண்ணு சரியாத் தெரியலைமா" என்றேன்.

பையை மடக்கிக்கொண்டு போனாள். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டும்வரை பொறுத்தேன். பிறகு எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தேன். "இந்த நாலை எடுத்து இங்க வை. இந்த வெறும் நாலை அங்க வை." மருமகள் வைத்தாள். மயிலுக்குக் கழுத்து வந்தது. மகன் சந்தோஷத்தில் நாலு பேருக்கு போன் போட்டான். கம்ப்யூட்டர்காரிக்குத் தெரியாதது எங்க அம்மாவுக்குத் தெரியுதுபா என்று அவன் வாசலில் நின்று சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்காததுபோல் இருந்தேன். இன்னொரு தடவை சொன்னான்.

சாயங்காலம் ரவிக்கைக்குக் கொக்கி தைக்க ஊசியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மருமகள் பின்னால் வந்து நின்றாள்.

"அத்தே."

இந்த வீட்டில் என்னை அப்படிக் கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். வந்த புதிதில், அவள் கூப்பிட்டால் நான் ஒருகணம் அடுக்களைக் கதவைத்தான் பார்ப்பேன்.

"அந்தப் பொண்ணு இருக்கும்போதே உங்களுக்குத் தெரியும்ல? கண்ணு தெரியலைன்னீங்களே."

நான் திரும்பவில்லை. நூலை எச்சில் தொட்டு முறுக்கி, இடது கையால் ஊசிக்கு நேரே கொண்டுபோனேன். முதல் தடவையிலேயே ஏறிவிட்டது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.